அன்றாடம்னா வாரத்துக்கு எத்தனை நாள்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

அம்மா வேலை பாக்குற தையல் கடைக்கு தினம் உங்க பேப்பர் வரும், அதுல வாசகர் கடிதம் பகுதியை விடாம படிப்பேன், ஆனா நானே எழுதுறது இதான் முதல் தடவை. வேலை இல்லாதவங்களுக்கு தமிழ்நாடு அரசு மாசாமாசம் உதவித்தொகை குடுக்குதுல்ல, அதை வாங்கிட்டு இருக்குறவங்க காலேஜ்ல ஒரு சின்ன கிளாஸ்ல சேரலாமா கூடாதா? ரெண்டு மாசமா கேட்டுட்டு இருக்கேன், தெளிவா சொல்ல ஆளில்ல.

நான் பிளஸ் டூ காமர்ஸ் குரூப். 2015ல எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சது, அப்புறம் அப்பா படுத்த படுக்கையாகிட்டதால மேல படிக்க முடியல, ஆனா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூவல் மட்டும் விடாம பண்ணிட்டு வந்தேன். பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியும் வேலை கிடைக்கலைன்னா உதவித்தொகைக்கு எழுதிக் குடுக்கலாம், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்கு மேல போகக்கூடாது. பத்தாவது பாஸ்னா மாசம் 300, பிளஸ் டூன்னா 400, டிகிரின்னா 600. எனக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை 1,200 ரூபாய் அக்கவுண்ட்ல ஏறும். மூணு வருஷம்தான் தருவாங்க, கூட்டிப் பாத்தா 14,400. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது சின்ன காசுதான், எங்க வீட்டுக்கு அது கேஸ் சிலிண்டரும் அப்பா மாத்திரையும்.

எங்க ஊர்ல இரும்புக்கடை, அரிசி மண்டி, ஹார்டுவேர்ஸ், எங்க போய் வேலை கேட்டாலும் முதல்ல கேக்குறது "டேலி தெரியுமாம்மா, ஜிஎஸ்டி பில் போடத் தெரியுமா"ன்னுதான். டேலின்னா கம்ப்யூட்டர்ல கடைக் கணக்கு எழுதுற சாஃப்ட்வேர். பக்கத்துல இருக்குற ஒரு காலேஜ்ல அதுக்கு ஆறு மாச சர்டிபிகேட் கிளாஸ் நடத்துறாங்க, திங்கள் புதன் வெள்ளி, காலையில பத்து மணியில இருந்து பன்னெண்டரை வரைக்கும். ஃபீஸ் 3,500, ரெண்டு தவணையா கட்டலாம்னாங்க. டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் கிடையாது, அதனால போக வர செலவு இல்ல. உதவித்தொகையை அப்படியே ஃபீஸுக்கு எடுத்து வெச்சா மீதியை அம்மா சமாளிச்சுக்குறேன்னு சொன்னாங்க.

அப்பதான் விதிமுறையை எடுத்துப் படிச்சேன். "அன்றாடம் பள்ளி அல்லது கல்லூரிக்குச் சென்று படிக்கும் மாணவராக இருத்தல் கூடாது"ன்னு போட்டிருக்கு, அஞ்சல் வழியிலயோ தொலைதூரக் கல்வியிலயோ படிச்சா பரவாயில்லையாம். சரி, வாரத்துல மூணு நாள் ரெண்டரை மணி நேரம் போறது அன்றாடமா? ஆபீஸ்ல போய் கேட்டேன். அங்க இருந்தவர் நல்ல மாதிரியாத்தான் பேசினார், தப்பு சொல்ல மாட்டேன், ஆனா "காலேஜ்னு வந்தாலே சிக்கல்தாம்மா, எதுக்கு ரிஸ்க் எடுக்குற"ன்னுட்டார். அடுத்த தடவை போனப்ப வேற ஒருத்தர் இருந்தார், சர்டிபிகேட் கோர்ஸ்தானே ஒண்ணும் ஆகாதுன்னார். எதையும் எழுதித் தர முடியாதுன்னு மட்டும் ரெண்டு பேரும் சொன்னாங்க. வருஷா வருஷம் சுய உறுதிமொழின்னு ஒரு ஃபாரம் குடுக்கணும்ல, அதுல கையெழுத்துப் போடப் போறது நான், நாளைக்கு யாராவது அது பொய்யுன்னு சொன்னா பதில் சொல்ல வேண்டியதும் நான்தானே.

இதுல எனக்குப் புரியாத விஷயம் என்னன்னா, வேலைவாய்ப்பு ஆபீஸ்லயே தன்னார்வ பயிலும் வட்டம்னு வெச்சு டிஎன்பிஎஸ்சிக்கு இலவசமா கிளாஸ் எடுக்குறாங்க, குரூப் ஃபோர் கிளாஸுக்கு நானும் போயிருக்கேன், அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. அங்க பெஞ்சுல உக்காந்து படிச்சா வேலை தேடுறவ, காலேஜ் பெஞ்சுல உக்காந்து படிச்சா மட்டும் மாணவியா? முழு நேரமா மூணு வருஷம் டிகிரி படிக்கிறவங்களுக்கு இந்தக் காசு வேண்டாம்னு சொல்றது நியாயம், அவங்க உடனே வேலைக்கு வர முடியாது. நான் அப்படியில்லையே, மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பேன், நாளைக்கே ஒரு கடையில வான்னா கிளாஸை விட்டுட்டுப் போயிடுவேன்.

தொலைதூரக் கல்வியில சேரேன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். புத்தகம் வீட்டுக்கு வரும், சரி, கம்ப்யூட்டர் வருமா? வீட்ல இருக்குறது ஒரே ஒரு செல்போன், அதுவும் ஸ்கிரீன் உடைஞ்சது. டேலியை படிச்சு மனப்பாடம் பண்ண முடியாது, கீபோர்டுல கை வெச்சு நாலு என்ட்ரி தப்பாப் போட்டு பக்கத்துல ஒருத்தர் திருத்தினாத்தான் வரும். டெமோ கிளாஸ் அன்னைக்கு அரை மணி நேரம் உக்கார வெச்சாங்க, ஒரு பர்ச்சேஸ் பில்லை நானே ஏத்தி முடிச்சேன், மத்திய அரசு வரி சிஜிஎஸ்டி, மாநில அரசு வரி எஸ்ஜிஎஸ்டி, ரெண்டும் தனித்தனியா சரியா வந்து விழுந்துச்சு, அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

எங்க சித்தி பொண்ணு அரசு காலேஜ்ல படிக்கிறா, புதுமைப் பெண் திட்டத்துல அவளுக்கு மாசம் 1,000 ரூபாய் வருது. ரொம்ப சந்தோஷம், அவ படிக்கணும். பொண்ணுங்க காலேஜுக்குப் போகணும்னு காசு குடுக்குறதும் இதே அரசுதான், நான் காலேஜ் வாசலை மிதிச்சா 400 ரூபாய் நின்னுடுமோன்னு பயப்பட வேண்டியிருக்கே.

அதனால உங்க பேப்பர் மூலமா வேலைவாய்ப்புத் துறை அதிகாரிங்களை கேட்டுக்குறேன், தொகையை ஏத்துங்கன்னு கூட இப்ப கேக்கல. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வரைக்கும் பகுதி நேரமா படிக்கலாம், காலேஜ்ல ஒரு கடிதம் வாங்கி உறுதிமொழியோட வெச்சாப் போதும்னு விதியில ஒரு வரி சேருங்க. இல்ல கூடாதுன்னா கூடாதுன்னே ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க, அது தெரிஞ்சாலாவது எது வேணும்னு நாங்க முடிவு பண்ணிக்குவோம்.

அட்மிஷன் இந்த மாசக் கடைசியோட முடியுது. உறுதிமொழி ஃபாரம் எழுதி வெச்சிருக்கேன், கையெழுத்து மட்டும் இன்னும் போடல.

இப்படிக்கு,
உதவித்தொகை பெறும் ஒரு வாசகி