பெட்டியில் 16, திரையில் 10.9

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடும்பப் படங்களைச் சேர்த்து வைக்க நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்கி, 4 டெராபைட் டிஸ்க் நான்கைப் பொருத்துபவர்கள் கணினியில் 10.9 என்று பார்த்ததும் டிஸ்க் போலியோ என்று பதறுகிறார்கள். போலி இல்லை.

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறைதான் ரெய்டு. அதில் ரெய்டு 5 அமைப்பில், ஒரு டிஸ்க் பழுதானாலும் கோப்புகளை மீட்டுத் தரும் பாரிட்டி தகவல் ஒரு டிஸ்க் அளவு இடத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 12 டெராபைட். டிஸ்க் தயாரிப்பவர்களுக்கு ஒரு டெராபைட் என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் கணக்கில் அது சுமார் 1,09,951 கோடி பைட். அதனால்தான் 12 என்பது 10.9 ஆகத் தெரிகிறது. ஒரு பைட்கூடத் தொலையவில்லை. பெட்டியின் இயங்குதளமும் கோப்பு முறைமையும் இதிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுக்கும். எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீதத்தை ஒதுக்கி வைக்கும்.

அளவு வேறுபட்ட டிஸ்க்குகளைக் கலந்தால்தான் உண்மையிலேயே இடம் வீணாகும். ரெய்டு 5 எல்லா டிஸ்க்கையும் சிறியதன் அளவுக்கே எடுத்துக்கொள்ளும். 4, 4, 8, 8 போட்டாலும் கிடைப்பது 12தான். நாஸ் தயாரிக்கும் சினாலஜி நிறுவனத்தின் எஸ்ஹெச்ஆர் என்ற ரெய்டு அமைப்பில் இதே நான்கில் 16 கிடைக்கும். பிறகு பெரிய டிஸ்க்குகளுக்கு மாறுவதானால் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ரீபில்டு (புது டிஸ்க்கில் தகவலை மறுபடி எழுதுவது) முடியும்வரை காத்திருக்க வேண்டும். ரெய்டு 5-ல் நான்கையும் மாற்றி முடிக்கும்வரை இடம் கூடாது. ரீபில்டு நடக்கும்போது இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போய்விடும். எனவே பேக்கப் எடுக்காமல் கை வைக்கவே கூடாது.

வீடியோக்களை அழித்தும் இடம் திரும்பவில்லையா? முதலில் நாஸின் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள். அப்போதும் மாறாவிட்டால் ஸ்னாப்ஷாட் (கோப்புகளின் அந்தந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் பதிவு) பட்டியலைப் பாருங்கள். அழித்த கோப்பைப் பழைய ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும்வரை அந்த இடம் விடுபடாது.

இடம் போதவில்லை என்று சிலர் பாரிட்டியே இல்லாத ரெய்டு 0-க்குத் தாவுகிறார்கள். இதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. 14.5 என்று காட்டும், ஆனால் நான்கில் ஏதாவது ஒன்று பழுதானால் மொத்தமும் போகும். ரெய்டு 5-ம் டிஸ்க் பழுதுக்குத்தான் காப்பு. தவறி அழித்த கோப்பையோ வைரஸ் பூட்டிய கோப்பையோ அது மீட்டுத் தராது. அதற்குத் தனியாக ஒரு யூஎஸ்பி டிஸ்க் வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

விற்பனையாளர்கள் ரசீதில் ‘16 டிபி’ என்று மட்டும் எழுதாமல், எந்த ரெய்டு, விண்டோஸில் எவ்வளவு தெரியும் என்று ஒரு வரி சேர்த்து எழுத வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பராமரிப்பாளர்கள்,
கோயம்புத்தூர்