எலியைச் சொல்லாமல் எலிப்பாட்டு எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய டான் பிளாக் ஐயா,

வணக்கம். உங்கள் பெயர் இங்கே பலருக்குத் தெரியாது. மைக்கேல் ஜாக்சனின் ‘பென்’ பாட்டை எழுதியவர் என்றால் சிலர் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

1972இல் வந்த ‘பென்’ படத்துக்கான பாட்டு அது. அந்தப் படத்தில் பென் என்பது ஓர் எலி, அதுவும் ஆளைக் கொல்லும் எலிக்கூட்டத்தின் தலைவன். இதற்குப் பாட்டு எழுதச் சொன்னால் வேறு யாராவது முதல் வரியிலேயே வாலையும் பல்லையும் கொண்டுவந்திருப்பார்கள். நீங்கள் எலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஊரே விரட்டும் ஒருவனுக்கு ஒரு நண்பன் கிடைத்தான், அவ்வளவுதான். 14 வயதுப் பையன் மைக்கேல் அதைப் பாட, தனிப் பாடகராக அவருக்கு அமெரிக்காவில் முதன்முதலாக நம்பர் ஒன் கிடைத்தது.

‘பார்ன் ஃப்ரீ’ படத்திலும் இதே வேலைதான். கென்யாவில் மனிதர்களிடம் வளர்ந்த எல்சா என்ற பெண் சிங்கத்தின் கதை. பாட்டில் சிங்கமே கிடையாது. ஜான் பாரியின் மெட்டுக்கு நீங்கள் எழுதிய அந்தப் பாட்டு 1966ஆம் ஆண்டுக்கான ஆஸ்கரை வாங்கியது. பாடியவர் மேட் மன்றோ, ஒரு காலத்தில் லண்டனில் பஸ் ஓட்டியவர். அவருக்கு மேனேஜராக இருந்ததும் நீங்கள்தான்! ஹாக்னியில் பிறந்து, இசைப் பத்திரிகையில் ஆபீஸ் பையனாக இருந்து, மேடையில் ஜோக் சொல்லிப் பார்த்து, அப்புறம்தான் பாட்டுக்கு வந்தீர்கள்.

ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு நீங்கள் எழுதிய பாட்டுகளை நான் அவ்வளவாகச் சொல்லப் போவதில்லை. வைரத்தைப் பற்றி எழுதிய ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ பாட்டில் தயாரிப்பாளர் சால்ட்ஸ்மனுக்கு இரட்டை அர்த்தம் கேட்டு அவர் கொதித்துப்போன கதை மட்டும் எனக்குப் பிடிக்கும்.

இசை நாடகங்களுக்கு மெட்டுப் போடும் ஆண்ட்ரூ லாயிட் வெபருக்கு எழுதியவற்றில், டோனி விருது வாங்கிய ‘சன்செட் புலவார்ட்’டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் ஓட்டு ‘டெல் மீ ஆன் எ சண்டே’வுக்கு. காதலன் கைவிடப் போகிறான் என்று தெரிந்த ஒருத்தி, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கே பாடம் எடுக்கிறாள். கடிதம் எழுதாதே. விடிகாலை மூன்று மணிக்கு நண்பன் வீட்டிலிருந்து போன் பண்ணாதே. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மரங்கள் அடர்ந்த பூங்காவுக்குக் கூட்டிப் போ. இல்லை, சிம்பன்சி இருக்கிற மிருகக்காட்சிசாலைக்கு. அழுகை முட்டும் இடத்தில் சிம்பன்சியை நுழைக்க ஒரு பழைய காமெடியனால்தான் முடியும். ‘அழுகிறேன்’ என்று அவள் ஓரிடத்தில் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சரி, எங்கள் ரஹ்மானிடம் வருகிறேன். 2002இல் லண்டன் அப்போலோ விக்டோரியா அரங்கில் அவர் இசையமைத்து நீங்கள் பாட்டெழுதிய ‘பாம்பே ட்ரீம்ஸ்’ இசை நாடகம். ‘முதல்வன்’ படத்தின் ‘ஷக்கலக்க பேபி’க்கு நீங்கள் எழுதிய ஆங்கில வரிகள், கோபித்துக்கொள்ளாதீர்கள், தமிழில் கேட்டுப் பழகிய என் காதில் ஒட்டவே இல்லை. ஆனால் அதே நாடகத்தில் ‘தி ஜர்னி ஹோம்’ இருக்கிறதே, அதற்காக அதை மன்னித்துவிட்டேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்