ரேவதிக்கு, கெட்டில் வாங்கிய கதை

அன்புள்ள ரேவதி,

முட்டி வலி தேவலையா? மாடிப்படி ஏறாதே என்றால் நீ கேட்கவா போகிறாய். சரி, போனில் கேட்டாயே, அந்தக் கெட்டில் நிஜ வெள்ளியா என்று. இல்லை. பாரிஸுக்கு வடக்கே சான்-துவான் பழம்பொருள் சந்தையில் விற்றவர் சுத்த வெள்ளி என்றுதான் சத்தியம் செய்தார், நானும் தலையாட்டிக்கொண்டே கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பிரான்சில் 1838-க்குப் பிறகு செய்த வெள்ளிப் பாத்திரம் என்றால் மினர்வா தேவியின் தலை முத்திரை இருக்க வேண்டும், செய்தவர் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருக்கும். முலாம் பூசியது என்றால் சதுரத்துக்குள். இதில் மினர்வாவைக் காணோம், கிறிஸ்தோஃப்ல் என்ற கம்பெனிப் பெயர் மட்டும் முழுசாக. அப்புறம் விலை தானாக இறங்கியது, விடு.

கிறிஸ்தோஃப்ல் ஒன்றும் லேசுப்பட்ட பெயரில்லை. மின்சாரத்தால் முலாம் பூசும் உரிமையை 1842-ல் இங்கிலாந்தின் எல்கிங்டன் கம்பெனியிடமிருந்து வாங்கி, வெள்ளி வாங்க முடியாத வீடுகளுக்கும் வெள்ளி மாதிரி மேஜைப் பாத்திரங்களைக் கொடுத்தவர்கள். வேடிக்கை என்னவென்றால் வெள்ளி வாங்க முடிந்த பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனே அரண்மனை விருந்துக்கு முலாம் பூசிய பாத்திரம்தான் செய்யச் சொன்னார்! 1871-ல் பாரிஸில் அவருடைய துய்லரி அரண்மனை எரிந்தபோது சாம்பலில் இருந்து மீட்ட, இவர்கள் செய்த பெரிய மேஜை அலங்காரத்தை இங்கே ஒரு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், நீ வந்தால் கூட்டிப் போகிறேன்.

கெட்டிலில் டீ போட மாட்டார்கள், அது எனக்கே புதுசு. டீ தனிக் கூஜாவில், இதில் வெந்நீர் மட்டும். கீழே சின்ன ஸ்பிரிட் விளக்கு, மேலே தாங்கியில் கெட்டில் இரண்டு ஊசிகளில் தொங்கும், ஒரு ஊசியை உருவிவிட்டுத் தூக்காமலே சாய்த்து ஊற்றலாம். நம் தாத்தாக்கள் பார்த்திருந்தால் ஃபில்டர் காபிக்கு ஒன்று செய்யச் சொல்லியிருப்பார்கள்.

கூடவே நாலு முள்கரண்டியும் வாங்கினேன், பின்பக்கம் 84 என்று குத்தியிருக்கிறது, பன்னிரண்டு கரண்டி, பன்னிரண்டு முள்கரண்டிக்குச் சேர்த்து 84 கிராம் வெள்ளி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான், அதைத்தான் நூறு வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டில் வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் துலக்குவோமே, இவர்களும் அதே மாதிரி வெள்ளைச் சுண்ணப் பொடி போடுகிறார்கள். சுத்த வெள்ளிக்குப் பரவாயில்லை, முலாமோ ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போய்விடும். என் கெட்டிலின் வயிற்றில் ஒரு பக்கம் செம்பு நிறம் எட்டிப் பார்க்கிறது, யாரோ ஒரு வேலைக்காரப் பெண் வலது கையால் அழுத்தித் துடைத்த இடம் அது என்று நானாக நினைத்துக்கொண்டேன். மறுபடி முலாம் பூசச் சொல்லி இவர் நச்சரிக்கிறார். பூசினால் புதுசு மாதிரி ஆகும், புதுசு வேண்டுமென்றால் கடைக்கே போயிருப்பேனே.

கைப்பிடியில் சூடு ஏறாமல் இருக்க வைத்த தந்த வில்லையில் ஒன்று உடைந்துபோயிருக்கிறது. நீ வந்து டீ குடிக்கும்போது பழைய துணியைச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன்,
மாலதி