பழைய மாணவர் சங்கங்களே, இரண்டு சனிக்கிழமை தாருங்கள்

கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களில் இருக்கும் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கம்பஸ் போனவளும் நான்தான். அதனால் உயர்தரப் பரீட்சை ரிசல்ட்ஸ் வந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

அப்படி வந்த ஒரு தங்கச்சி, வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தவள். ஆனால் அவள் வந்தது காலம் கடந்து. விண்ணப்பத்தை ஏற்கெனவே ஒரு கொமினிகேஷன் கடையில் நிரப்பி அனுப்பியிருந்தாள். "எந்தக் கம்பஸ் வேணும்?" என்று கடைத் தம்பி கேட்க, தெரிந்த மூன்று பெயர்களைச் சொல்லியிருக்கிறாள்: கொழும்பு, ஜயவர்தனபுர, களனி. மூன்றிலும் முகாமைத்துவம். அவ்வளவுதான். அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த புள்ளிகள், அதாவது வெட்டுப்புள்ளிகள், வெளிவந்த அன்று, இருவருமாக ஃபோனில் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். மூன்றுமே கிடைக்கவில்லை. அவள் எழுதாமல் விட்ட இரண்டு கற்கைநெறிகளுக்கு அவளுடைய இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திய புள்ளி) தாராளமாகப் போதும். "இதையும் போடலாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே அக்கா" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

தலைநகரத்துப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைக்குத்தான் போட்டி கடுமை. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பின் வெட்டுப்புள்ளி பல துறைகளில் உச்சத்தை ஒட்டியே நிற்கிறது. அப்படியிருக்க, விருப்பத்தெரிவை எந்த ஒழுங்கில் எழுதுகிறோம் என்பது ஒரு பிள்ளையின் நாலு வருடத்தையே தீர்மானித்துவிடும்.

அதற்கும் முன்னாலேயே, சாதாரண தரம் முடிந்த கையோடு, உயர்தரப் பாடங்களைத் தெரிவு செய்யும்போதே, பாதிக் கதவுகள் மூடிவிடுகின்றன. இரசாயனவியலுக்குப் பதில் தகவல் தொழில்நுட்பத்தை எடுத்த ஒரு தம்பி, பொறியியல் பீடத்துக்கு இனிப் போக முடியாது என்பதைப் பதின்மூன்றாம் வகுப்பில்தான் அறிந்துகொண்டான். இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் மூன்றும் வேண்டும் என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் பெற்றோர். கிராண்ட்பாஸில் ஒரு அம்மா, மகளை வவுனியாக் கம்பஸுக்கு அனுப்பவே மாட்டேன் என்று நின்றார். பயம் அவருக்கு. அங்கே படித்த ஒரு பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போனேன். விடுதி எப்படி, சாப்பாடு எப்படி, மகாபொல புலமைப்பரிசில் எப்போது கிடைக்கும் என்று அந்த அம்மா ஒரு மணித்தியாலம் கேட்டார். தேத்தண்ணீர் ஆறிப்போனது. கடைசியில், "சரி, எழுதட்டும்" என்றார். நான் ஆயிரம் தரம் சொல்லியும் நடக்காதது அது.

உங்கள் சங்கங்களில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், பேராதனை, மொறட்டுவை என்று பல கம்பஸ்களுக்கும் போய் வந்தவர்கள். நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் எடுத்தவர்கள். உயர் தொழில்நுட்ப நிறுவகங்களில் உயர் தேசிய டிப்ளோமா முடித்தவர்கள். இடம் கிடைக்காத பிள்ளைக்கு அப்படியும் வழி இருக்கிறது என்று நீங்கள் சொன்னால்தான் அது நம்பும்.

பரிசளிப்பு விழாவுக்கும் கட்டடத்துக்கும் நீங்கள் செய்வதை நன்றியோடு பார்க்கிறவள் நான். இப்போது பணம் கேட்கவில்லை. வருடத்தில் இரண்டு சனிக்கிழமைக் காலைகள் மட்டும் தாருங்கள். ஒன்று சாதாரண தரப் பரீட்சை முடிந்து, பிள்ளைகள் பாடம் தெரிவு செய்வதற்கு முன். மற்றது பல்கலைக்கழக விண்ணப்பம் திறந்திருக்கும் நாட்களில். சங்கத்துக்குப் பத்துப் பேர், ஆளுக்கொரு மேசை, முன்னால் ஒரு பிள்ளையும் அதன் அம்மாவோ அப்பாவோ. கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலும் முந்திய வருட வெட்டுப்புள்ளிப் பட்டியலும் இருந்தால் போதும்.

மண்டபத்தையும் தேத்தண்ணீரையும் நான் பொறுப்பெடுக்கிறேன். எந்தெந்தச் சங்கத்திலிருந்து யார் யார் வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பழைய மாணவி