வட்டாட்சியர் பயிற்சியில் எங்களுக்கு ஒரு மணி நேரம் வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
திரேஸ்புரம் மற்றும் சுற்றுவட்டாரப் பெண்கள்,
தூத்துக்குடி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தூத்துக்குடி மாவட்டம்.

பொருள்: வட்டாட்சியர், துணை வட்டாட்சியர்களுக்கான பயிற்சியில், துப்பாக்கிச் சூட்டால் பாதிக்கப்பட்ட பெண்கள் பேச இடம் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான 2018 மே 22 அன்று, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தில் மனு கொடுக்கத்தான் ஜனங்கள் நடந்து வந்தார்கள். அன்றும் மறுநாளுமாகத் துப்பாக்கிச் சூட்டிலும் தடியடியிலும் 13 உயிர்கள் போயின. ஊர்வலத்துக்கு வெகு தொலைவில், எங்கள் திரேஸ்புரத்திலேயே ஒரு பெண் சுடப்பட்டார்.

நிவாரணம், வேலை, வழக்கு பற்றியெல்லாம் தனியே மனுக்கள் இருக்கின்றன. இது வேறு.

எங்களில் ஒருவருடைய கணவருக்குக் காலில் குண்டு பாய்ந்தது. மகளிர் குழுக் கூட்டங்களில் அந்த அக்கா பேசும்போது, யார் சுட்டார்கள் என்று ஆரம்பிக்க மாட்டார். காலையில் வடித்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்ததைச் சொல்வார். எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாது, மறுநாள் இணையத்தையும் நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் சேதி வந்தது, சோறு புளித்துப் பொங்கிக் கிடந்தது. அப்புறம் எக்ஸ்ரே வைத்திருக்கும் மஞ்சள் பையைத் திறப்பார். கூட்டத்தில் ஒரு சத்தம் இருக்காது. பிள்ளைகளைப் போராட்டத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று சண்டை போடுகிறவர்கள்கூட வாயடைத்துப் போவார்கள்.

இதை அதிகாரிகள் கேட்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அந்தச் சம்பவத்தின் முதல் தகவல் அறிக்கைகளில், சுட உத்தரவிட்டவர்களாக வருவது துணை வட்டாட்சியர்களின் பெயர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 148 ஆகிவிட்டது. எண் மாறினாலும், கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் வட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்களிடமும் இருக்கிறது. பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் நாங்கள் தேடிப் போகிற அதே தாலுகா ஆபீஸ்காரர்கள்தான் அவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் சுடப்பட்டதாகச் சொன்னது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைப் பயிற்சியில் வாசிக்கலாம், சரி. ஆனால் அதில் அந்தப் புளித்த சோறு இருக்காது.

ஆகவே, சட்டம் ஒழுங்கு குறித்து மாவட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு பயிற்சியிலும் எங்களில் மூன்று பேர் ஒரு மணி நேரம் பேச அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். காவல் சார்பு ஆய்வாளர்களும் அதில் இருந்தால் நல்லது. யாரையும் பெயர் சொல்லித் திட்ட மாட்டோம். அவர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்வோம்.

உப்பளத்துக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் என்பதால், வருகிறவர்களுக்கு அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுக்க வேண்டும். தேதியை ஒரு வாரம் முன்னதாகவே எழுத்துமூலம் தெரிவிக்கவும். அந்த மஞ்சள் பையை வாசலில் சோதனை என்று பிடுங்கி வைக்காமல் உள்ளே கொண்டுவர விட வேண்டும்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமும் கைரேகையும் இட்டுள்ள பெண்கள்