முழுப்பேர்

தலவாக்கலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரமாகிறது. பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. இங்கே விடாத மழை. போன கிழமை லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் சரிந்து, பாதை இரண்டு நாள் அடைபட்டுக் கிடந்தது. ஆட்களுக்குச் சேதமில்லை. உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய சுவெட்டரைக் கழற்றாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

டோக்கியோவில், அந்த நிஹொன்பாஷிக் கோப்பிக் கடையில் ரோபோ வந்து உன்னோடு பேசியதாக, அதை வீட்டில் படுக்கையில் கிடக்கும் ஒருவர் இயக்குவதாக எழுதியிருந்தாய் அல்லவா, எங்கள் வீட்டில் இன்னும் அதே பேச்சுதான். அந்தப் பக்கத்தை மட்டும் அக்காவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டிவிட்டேன்.

நாம் ஹட்டனுக்குப் படிக்கப் போன நாட்களில், விடியுமுன் எழும்பி நம் இரண்டு பேருக்கும் ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்துவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு ஓடியவள் அவள். தேயிலை மலையில் கூடையோடு சறுக்கி விழுந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அப்போது நான் உனக்கு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. விழுந்த அன்றைக்கு, கொழுந்து நிறை காணாது என்று அவளுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள். அரை நாள் சம்பளம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளிடம் அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு அவள் முகம் போன போக்கை நான் மறக்கவே இல்லை.

உன் கடிதத்தைக் கேட்டு முடித்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி: “அங்க படுத்துக்கிட்டே வேலை செய்றவங்களுக்கு முழுப்பேர் போடுறாங்களாடா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகத்தான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். சிக்னல் பிடிக்க மாரியம்மன் கோயில் படிக்கட்டுக்குப் போக வேண்டும். நாலு பின்னேரம் குடையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரிஹிமே என்ற அந்த ரோபோவைச் செய்கிற கம்பனியின் பெயர் ஒரி லேப். 2012-இல் தொடங்கியது. தொடங்கிய யோஷிஃபுஜி கென்டாரோ, சின்ன வயதில் நோய்வாய்ப்பட்டு மூன்றரை வருஷம் பள்ளிக்கூடம் போக முடியாமல் இருந்தவர். படுத்த இடத்திலிருந்து கூரையையே பார்த்துக்கொண்டு நாளைக் கழிப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். அவரோடு வேலை பார்த்தவர் பண்டா யூட்டா. நாலு வயதில் வீதி விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, இருபது வருஷத்துக்கு மேல் படுக்கையில் இருந்தவர். தாடையால் கணினியை இயக்கி, படுத்தபடியே அந்தக் கம்பனியின் அலுவல்களைப் பார்த்திருக்கிறார். மேசையில் உட்கார்ந்து பேசுகிற சின்ன ரோபோ மட்டும் போதாது, எழும்பிப் போய் ஒருவருக்குக் கோப்பி எடுத்துக் கொடுக்கிற உடம்பும் வேண்டும் என்ற யோசனை இந்த இரண்டு பேரின் பேச்சிலிருந்துதான் வந்தது. ஆனால் 2017-இல், 28 வயதில், பண்டா இறந்துபோனார். கடையை அவர் காணவில்லை.

மறு வருஷம் நவம்பரில் டோக்கியோவில் பரீட்சார்த்தமாக ஒரு கடை போட்டார்கள். 120 சென்டிமீற்றர் உயர ரோபோக்கள். தசை செயலிழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுமாகப் பத்துப் பேர் அவரவர் இடத்திலிருந்தே இயக்கினார்கள். கைவிரல்கூட அசையாதவருக்குக் கண்பார்வையாலேயே எழுத்தைத் தெரிவு செய்து, கட்டளை கொடுக்க வழி இருக்கிறது. நீ போனது 2021 ஜூனில் நிரந்தரமாகத் திறந்த கடை.

2018-இல் அவர்களுக்குக் கொடுத்த கூலி மணித்தியாலத்துக்கு 1000 யென். அதைப் படித்தவுடன் படிக்கட்டிலிருந்து எழும்பிவிட்டேன், மச்சான். நம் ஆட்கள் ஒரு நாளைக்கு 1000 ரூபாய் கேட்டு எத்தனை வருஷம் வீதியில் நின்றார்கள்! 2021-இல்தானே அது கைக்கு வந்தது. யென்னையும் ரூபாயையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது, தெரியும். நான் பார்த்தது வேறு. அந்த நேரத்தில் டோக்கியோவில் சட்டப்படி ஆகக் குறைந்த கூலி 985 யென். கட்டிலில் கிடப்பவர்தானே என்று ஒரு யென்னும் குறைக்கவில்லை. தருமமாகவும் கொடுக்கவில்லை, கூலியாகக் கொடுத்தார்கள்.

“முழுப்பேர்தான் அக்கா” என்றேன். கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு அதைவிடப் பிடித்தது அந்த ரோபோவின் முகம். அமெரிக்காவின் டபிள் ரோபோட்டிக்ஸ் செய்வதுபோல இரண்டு சில்லில் நிற்கிற கம்பின் உச்சியில் ஒரு திரை, அதில் இயக்குகிறவரின் முகம் என்ற அமைப்பும் இருக்கிறது. கந்தோர்க் கூட்டத்துக்கு அது பொருந்தும். ஒரிஹிமேக்கு அப்படித் திரை இல்லை. ஜப்பானியரின் நோ நாடக முகமூடியைப் போல அமைதியான வெள்ளை முகம். நோர்வேயின் நோ ஐசோலேஷன் கம்பனி, நோயில் கிடக்கும் பிள்ளைகளுக்காக வகுப்பு மேசையில் வைக்கச் செய்த ஏவி1 ரோபோவும் இதே மாதிரி. பிள்ளை வகுப்பைப் பார்க்கும். வகுப்புக்குப் பிள்ளையின் முகம் தெரியாது. கை உயர்த்த நினைத்தால் ரோபோவின் தலையில் வெளிச்சம் மினுங்கும். வெளியாட்கள் வந்தால் அக்கா போர்வையை முகம் வரை இழுத்துவிடுவாள் என்பது உனக்குத் தெரியாது. லயத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒளிக்க மாட்டாள். பின்னேரம் ஏழெட்டுப் பேர் இஸ்தோப்பில் பாய் போட்டு உட்கார, ஜன்னல் வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். குரல் அப்படியே இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் தடக்கமில்லாமல் பேசுவாள்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. அதே டோக்கியோவில் டெலெக்ஸிஸ்டென்ஸ் என்று இன்னொரு கம்பனி. அதன் ரோபோக்கள் ஃபேமிலிமார்ட் கடைகளில் குளிர்பான ராக்கைகளை நிரப்புகின்றன. பெரும்பாலும் தானாகவே வேலை செய்யும். போத்தல் கை நழுவினால், மணிலாவில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு அதை எடுத்து வைக்கிறார். உழைப்பு டோக்கியோவுக்குப் போகிறது, ஆள் மணிலாவில் இருக்கிறார். நம் பூட்டன்மாரைக் கப்பலில் ஏற்றி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக நடக்க வைத்தது அவர்களுடைய கைகளுக்காகத்தான். வந்தவர்களைத் துண்டு என்ற கடன் சீட்டால் கட்டிப் போட்டார்கள். அது ஒழிய 1921 வரை ஆனது. இனிமேல் ஆளைக் கொண்டுவராமலே கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், கூலியை எந்த நாட்டுக் கணக்கில் தீர்மானிப்பார்கள்? தன் வேலைக்கு யார் பொறுப்பு என்று அந்த மணிலாக்காரர் யாரிடம் போய்க் கேட்பார்? அக்காவுக்கு இப்படி ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற அதே நான்தான் இதையும் கேட்கிறேன். இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் போலிருக்கிறது.

உன்னிடம் ஓர் உதவி. லீவு கிடைக்கும்போது அந்தக் கடைக்கு இன்னொரு தரம் போ. உன் மேசைக்கு வருகிறவரிடம் அக்கா கேட்கச் சொன்னவற்றைக் கேள்: முதல் நாள் வேலையில் என்ன பிழை விட்டார்கள், பிழை விட்டபோது யார் என்ன சொன்னார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் முடிகிறது, நடுவில் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்கிறார்கள். இன்டர்நெட் எவ்வளவு வேகம் வேண்டும் என்பது நான் கேட்பது. நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து அதிபரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறேன். ரோபோ இல்லாவிட்டாலும், ஒரு பழைய போனை வகுப்பில் வைத்து ஐந்தாம் வகுப்புக்கு அக்காவைக் கணக்குப் படிப்பிக்க விடலாமா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றார். சம்பளத்தோடு என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனையைக் கேட்கிறாள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

உன் கூட்டாளி

தம்பிக்கு, ஞாபகமாகக் கேள். குளிருக்குக் காது மூடிக்கொண்டு வெளியே போ. – அக்கா