அந்தக் கேரட் எங்கள் நிலத்தில் விளைந்ததல்ல

ஆண்டுப் பணத்தை முன்பே கட்டி, வாரந்தோறும் எங்கள் காய்கறிக் கூடையை வாங்கும் சென்னைப் பங்குக் குடும்பங்களுக்கு,

வணக்கம். புதிய ஆண்டுப் பங்குக்கான பணத்தை இந்த வைகாசிக்குள் கட்டச் சொல்லியிருந்தேன். கட்டுவதற்கு முன் நான் சொல்லும் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். 2024 டிசம்பரில், புயலுக்குப் பிந்தைய இரண்டாம் வாரம் உங்களுக்கு வந்த கேரட்டும் பீன்ஸும் எங்கள் நிலத்தில் விளைந்தவை அல்ல. திண்டிவனத்துச் சந்தையில் வாங்கி, எங்கள் வாழைத்தண்டுக்குப் பக்கத்தில் அடுக்கி அனுப்பினேன். ஊட்டியிலிருந்து லாரி ஏறி வந்த சரக்கு அது. அந்த வாரம்தான் உங்களில் நான்கு பேர் பாராட்டி எழுதினீர்கள். மருந்தடிக்காத மண்ணில் விளைந்த கேரட்டின் ருசியே தனி என்றார் ஒருவர். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. (என் கணவருக்கு நன்றாகவே இறங்கியது. சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.)

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. எங்களுக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆடிப்பட்டத்துக் கத்தரி நல்ல காய்ப்பில் இருந்த நேரம். மூன்று நாள் செடிகள் தண்ணீரிலேயே நின்றன. தண்ணீர் நின்றவரை இலை பச்சையாகத்தான் இருந்தது. பிழைத்துவிட்டது என்றே நினைத்தோம். நான்காம் நாள் வெயில் அடித்தது. காலையில் நிமிர்ந்து நின்ற செடிகள் மதியத்துக்குள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், வேரின் தோல் விரலோடு உரிந்து வந்தது. புடலைப் பந்தல் கம்பியோடு சாய்ந்து கிடந்தது. பிஞ்சு கோணாமல் நீளட்டும் என்று நுனியில் கட்டிவிட்ட சிறு கற்கள், கட்டிய நூலோடு சேற்றில் கிடந்தன.

மிஞ்சியதைத்தான் முதல் வாரம் அனுப்பினேன்: சாய்ந்த வாழைகளின் தண்டும் பூவும், முன்பே பறித்துப் பரணில் வைத்திருந்த பரங்கிக்காயும், ஒரு துண்டு சேனையும். ‘கட்டிய பணத்துக்கு இவ்வளவுதானா?’ என்று கேட்டீர்கள். ‘கோயம்பேட்டிலாவது வாங்கிப் போட்டிருக்கலாமே’ என்றார் இன்னொருவர். நான் பயந்துபோனேன். பங்குப் பணம் நின்றால், அறுவடை இல்லாத ஆனி மாதத்தில் களையெடுக்க வரும் பெண்களுக்கு எதை வைத்துக் கூலி கொடுப்பது? அந்தப் பயத்தில் வாங்கியதுதான் கேரட்.

இந்த ஏற்பாட்டை எனக்குக் கற்றுக் கொடுத்தவர்களே நீங்கள்தான். ஜப்பானில் 1970-களில் ‘தெய்கெய்’ என்ற பெயரில் நகரத்துக் குடும்பங்களும் உழவர்களும் நேரடியாகக் கைகோத்த கதையையும், 1986-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இதே வழியில் தொடங்கிய கதையையும் முதல் கூட்டத்தில், எங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, நீங்கள்தான் சொன்னீர்கள். விளைச்சலில் மட்டும் அல்ல, வெள்ளத்திலும் வறட்சியிலும் பங்கு உண்டு என்றீர்கள். என் மாமியார் அதைக் கேட்டுவிட்டு, ‘விளைச்சலிலும் நட்டத்திலும் பங்கு ஏற்கும் வாரக்காரர் மாதிரிப் பேசுகிறார்கள், நட்டம் வந்தால் வாரக்காரராக நிற்பார்களா பார்ப்போம்’ என்றார். அப்போது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

பங்கு ஒருபக்கமாகவே இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றதே, நினைவிருக்கிறதா? அந்த வாரங்களில் உங்கள் கூடையில் தக்காளி இருந்தது. வியாபாரி வாசலில் வந்து நின்றான். கொடுத்திருந்தால் ஒரு மாதக் கூலி கைக்கு வந்திருக்கும். உங்களிடம் ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது, விலை முன்பே பேசியதுதானே.

இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. மழைக்காலத்தில் முருங்கைக்காய் எங்கே என்கிறீர்கள். அந்த மழையில் பூ உதிர்ந்துவிடும். பங்குனியில் கொத்துக் கொத்தாகக் காய்த்து மூன்று வாரம் தொடர்ந்து அனுப்பினால், ‘மறுபடியும் முருங்கையா?’ என்கிறீர்கள். மார்கழி, தையில் வரும் பச்சை மொச்சையை உரிக்க நேரமில்லை என்று இரண்டு வீடுகள் திருப்பியே அனுப்பின. ஊறவைத்துப் பிதுக்கி, கத்தரிக்காயோடு குழம்பு வைத்துப் பாருங்கள் என்று மாமியார் சொல்லச் சொன்னார். நான் எழுதவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

ஆகவே இந்த ஆண்டு இப்படி வைத்துக்கொள்வோம். வெளியில் வாங்கிய எதுவும் இனிக் கூடையில் ஏறாது. என்ன வருகிறது என்பதை வியாழன் இரவே எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு பரங்கிக்காய் என்றாலும் அதையே எழுதுவேன். அந்தக் கேரட் வாரத்துப் பணம் உங்கள் புதுக் கணக்கில் கழிக்கப்படும். இதற்கு ஒத்துவராதவர்கள் விலகிக்கொள்ளலாம், வருத்தமில்லை. நாற்பது வீடு முப்பதானால் அதற்கேற்ப விதைக்கிறேன். ஆனால் ஆடி பிறந்த பிறகு சொல்லாதீர்கள். நாற்று விட்டபின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது.

முதல் கூடை ஆவணியில் வரும். கீரையும் கொத்தவரையும் நிச்சயம், வெண்டை மழையைப் பொறுத்தது. துணிப்பைகளில் இருபத்தொன்று இன்னும் உங்கள் வீடுகளில்தான் இருக்கின்றன. துவைக்காமல் கொடுத்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
திண்டிவனம் பக்கத்திலிருந்து உங்கள் உழவர்